இல்லத்தில் இரண்டாவது தொலைக்காட்சி

 

மாடி அறைக்குப் புதிய தொலைக்காட்சி வாங்குகிறோம். பழையது கீழே கூடத்தில் இருக்கிறது. நமது காரமடையிலும் சுற்றுப்புறத்திலும் இன்று பல இல்லங்களின் நிலை இதுவே. ஒரே இணைப்பு இரண்டுக்கும் போதுமா? கூரையில் இன்னொரு தட்டு வேண்டுமா? இரண்டாவதற்கும் பணம் கட்ட வேண்டுமா? இக்கேள்விகளுக்குரிய விடையில் ஒரு பகுதி தொழில்நுட்பத்திலும் மறுபகுதி மார்க்கத்திலும் அடங்கியுள்ளது.

மூங்கில் கம்பத்தில் ஆண்டெனா கட்டிப் படம் பார்த்த காலத்தில், ஒரு கம்பியை இரண்டாகப் பிரித்தால் இரு பெட்டிகளிலும் படம் தெரியும். கேபிள் வந்த பின்னரும் அப்படியே நடந்தது. டிஜிட்டல் முறை வந்ததும் நிலை மாறியது. கோவை மாநகருக்கு 2013 மார்ச் 31-ஆம், நாட்டின் எஞ்சிய பகுதிகளுக்கு 2017 மார்ச் 31-ஆம் இம்மாற்றத்துக்குக் காலக்கெடுவாக இருந்தன. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2017-இல் செட்-டாப் பாக்ஸ்களை விலையின்றி வழங்கத் தொடங்கியது. கட்டணச் சேனல்கள் இப்போது பூட்டப்பட்டே வருகின்றன. அந்த பாக்ஸே அவற்றின் திறவுகோல். ஒரே பாக்ஸிலிருந்து இரு தொலைக்காட்சிகளுக்குக் கம்பி இழுத்தால் இரண்டிலும் ஒரே நிகழ்ச்சிதான் தெரியும். கீழே செய்தியும் மாடியில் வேறொன்றும் பார்க்க வேண்டுமாயின் இரண்டு பாக்ஸ்கள் வேண்டும்.

கேபிள் இணைப்பு உள்ளவர்கள், வீட்டுக்குள் வரும் கம்பியை ஸ்பிளிட்டர் கொண்டு பிரித்து ஒவ்வொரு பாக்ஸுக்கும் கொடுக்கலாம். இரண்டாகப் பிரிக்கும்போது அலையின் வலிமை பாதிக்கும் கீழாகக் குறைகிறது என்பதை நினைவிற் கொள்க. ஒன்றிலிருந்து மற்றொன்றாக ஸ்பிளிட்டர்களைத் தொடுத்துக்கொண்டே போனால் கடைசி அறையில் படம் கட்டம் கட்டமாக உடையும். தேவையான வழிகள் உள்ள ஒரே ஸ்பிளிட்டரைப் பொருத்துவதே முறை. கம்பிகளை முறுக்கி ஒட்டுப்போடுவதைத் தவிர்க்க வேண்டும்.

டிஷ் உள்ளவர்களுக்குத் தட்டு ஒன்றே போதும். ஆனால் தட்டின் முன்னே நீட்டிய கையின் நுனியில் இருக்கும் எல்.என்.பி. என்னும் சிறு கருவியை மாற்ற வேண்டும். வானிலிருந்து வரும் அலைகள் இரு வகை. எந்த வகை தேவை என்பதை பாக்ஸ் அதே கம்பி வழியே 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் அனுப்பிக் கேட்கிறது. ஒரே கம்பியில் இரு பாக்ஸ்கள் வெவ்வேறாகக் கேட்டால் ஒன்றின் படம் மறைந்துபோகும். ஆகவே இரண்டு அல்லது நான்கு வாய்கள் உள்ள எல்.என்.பி. வாங்கி, ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனிக் கம்பி இழுப்பதே சரி.

மாதக் கட்டணம் சுமையாக இருப்போருக்கு, 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கிய இலவச டிஷ் சேவை இருக்கிறது. தட்டும் பாக்ஸும் வாங்குவதோடு செலவு முடிகிறது. எத்தனை பெட்டிகள் வைத்தாலும் மாதக் கட்டணம் இல்லை. சேனல்கள் குறைவு என்பதே இதிலுள்ள குறை. அதன் செயற்கைக்கோள் நமது ஊருக்குத் தென்கிழக்கே, வானில் நன்கு உயரத்தில் நிற்கிறது. எனவே வடக்கேயுள்ள நீலகிரி மலை அதை மறைக்காது. வீட்டுக்குத் தென்கிழக்கில் நெருங்கி நிற்கும் தென்னை மறைக்கும்.

இனிக் கட்டணம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறையின்படி, 100 சேனல்களுக்கான அடிப்படைக் கட்டணம் வரி நீங்கலாக 130 ரூபாயைத் தாண்டக் கூடாது என்றிருந்தது. 2020-இல் அதே தொகைக்கு 200 சேனல்கள் என்றாயிற்று. ஒரே வீட்டில் ஒருவர் பெயரிலுள்ள இரண்டாவது பெட்டிக்கு அடிப்படைக் கட்டணத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் வாங்கலாகாது என்றும் வகுக்கப்பட்டது. 2024 ஜூலையில் அடிப்படைக் கட்டணத்துக்கான உச்சவரம்பை டிராய் நீக்கிவிட்டது. ஆகவே இரண்டாவது பாக்ஸுக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே கேட்டு, ரசீதும் பெற்றுக்கொள்வது நல்லது.

இங்கேதான் மார்க்கத்தின் கேள்வி எழுகிறது. அண்ணன் தம்பி இருவர் சொத்தைப் பிரித்துக்கொண்டு, தனித்தனி வாசலும் தனித்தனி அடுப்புமாக வாழ்கிறார்கள். தொலைக்காட்சிக்கு மட்டும் ‘ஒரே வீடு’ என்று எழுதிக் கொடுத்துச் சலுகை பெறுகிறார்கள். இன்னும் சிலர், மதில் வழியே பக்கத்து வீட்டுக்குக் கம்பி கொடுத்துவிட்டு, அண்டை வீட்டாருக்குச் செய்யும் உபகாரம் என்கின்றனர். அண்டை வீட்டாரின் உரிமையை இஸ்லாம் மிகவும் வலியுறுத்துகிறது என்பது உண்மையே. ஆனால் உபகாரம் என்பது நம் உடைமையிலிருந்து கொடுப்பது. பிறருக்குச் சேர வேண்டியதை எடுத்துக் கொடுப்பது அன்று. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு திருமறையின் அல்மாயிதா அத்தியாயம் தன் முதல் வசனத்திலேயே பணிக்கிறது. ஒப்பந்தம் சிறு தொகைக்கானது என்பதால் கடமை சிறுத்துவிடாது. தகப்பன் மதில் ஏறிக் கம்பி கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு, அமானிதத்தைப் பற்றி மதரஸாவில் நாம் என்ன சொல்லிக் கொடுப்பது?

இரண்டாவது பெட்டி எந்த அறைக்கு என்பதும் சிந்திக்கத்தக்கது. படியேற இயலாமல் தம் அறையிலேயே இருக்கும் முதியவருக்கு அது ஆறுதல், அங்கே வையுங்கள். பிள்ளைகள் தனியே உறங்கும் அறையில் வைத்தால், அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும். பல பாக்ஸ்களில் இரகசிய எண்ணிட்டுச் சேனல்களைப் பூட்டும் வசதி உண்டு. பொருத்த வருபவரிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரம் பிள்ளைகள் ஓதும் நேரம். அப்பொழுது கூடத்தில் ஒன்றை அணைத்துவிட்டு மாடியில் மற்றொன்றை ஓடவிட்டால், பிள்ளையின் காது மாடியில்தான் இருக்கும். அணைப்பதானால் இரண்டையும் அணைக்க வேண்டும்.

எத்தனை பெட்டிகள் வைப்பது என்பது அவரவர் வசதி. தேவையைப் பார்த்து வாங்குங்கள். உரிய கட்டணத்தைச் செலுத்துங்கள். வல்ல இறைவன் நம் இல்லங்களில் ஹலாலான வாழ்வையும், கூடியிருந்து பேசி மகிழும் பறக்கத்தையும் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.