தீர்ப்புக்குப் பின்னர் என்ன நடக்கிறது?

சிறுவர் துஷ்பிரயோக வழக்கொன்றில் மேல் நீதிமன்றம் தண்டனை வழங்கிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்றே எம்மில் பலர் நினைக்கின்றோம். வழக்குக்காகப் பல வருடங்கள் அலைந்த தாய்மாருக்கு அப்படி நினைப்பதில் ஓர் ஆறுதலும் உண்டு. பஸ்ஸுக்குக் காசு தேடி, அன்றைய கூலியை இழந்து, நீதிமன்ற வாசலில் எதிரியின் உறவினருக்கு முன்னால் பிள்ளையை அணைத்தபடி நின்று களைத்துப் போனவர்கள் அவர்கள். ஆனால் சட்டத்தின் பாதை அங்கே முடிவதில்லை. "அவர் அப்பீல் போட்டிருக்கிறாராம். இனி மகள் திரும்பவும் வந்து சாட்சி சொல்ல வேண்டுமா? அவர் வெளியே வந்துவிடுவாரா?" களுபோவிலப் பக்கம் நான் சந்திக்கும் தாய்மாரிடமிருந்து அடிக்கடி வரும் கேள்விகள் இவை. இம்மாதம் இவற்றுக்கான பதில்களைப் பார்ப்போம்.

மேன்முறையீடு என்பது என்ன?

மேல் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்ட ஒருவர் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அது கொழும்பு புதுக்கடையிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் செல்லும். அங்கே வழக்கு மீண்டும் முதலிலிருந்து நடப்பதில்லை. பதிவு செய்யப்பட்ட சாட்சியங்களையும் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையையும் தீர்ப்பையும் வாசித்து, சட்டத்தரணிகளின் வாதங்களைக் கேட்டே நீதிபதிகள் முடிவு செய்கிறார்கள். எனவே சாதாரணமாகப் பிள்ளை மீண்டும் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியதில்லை.

நீதிபதிகள் தண்டனையை உறுதிசெய்யலாம், கூட்டலாம், குறைக்கலாம், எதிரியை விடுதலை செய்யலாம். அல்லது மீள் விசாரணைக்கு உத்தரவிடலாம். இந்தக் கடைசி முடிவுதான் எமது பிள்ளைகளுக்குப் பாரமானது. 11 வயதில் நடந்ததை 21 வயதில் திரும்பவும் சொல்ல வேண்டி வரலாம். அதற்குள் அவள் திருமணம் பேசும் வயதுக்கு வந்திருப்பாள். "இனி வேண்டாம், விட்டுவிடுவோம்" என்று குடும்பங்கள் பின்வாங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மேன்முறையீடு செய்தவுடன் எதிரி வெளியே வந்துவிடுவதில்லை. பிணை கேட்கலாம். ஆனால் தண்டனை வழங்கப்பட்ட பின்னர் பிணை கொடுப்பதற்கு விசேட காரணங்கள் இருக்க வேண்டும் என்றே நீதிமன்றங்கள் எதிர்பார்க்கின்றன.

தண்டனை குறைவாக இருந்தால் சட்டமா அதிபரும் மேன்முறையீடு செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது. 2008ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பின்படி, பாலியல் குற்றத்துக்குச் சட்டம் விதித்துள்ள குறைந்தபட்சத் தண்டனை நீதிபதியின் தற்றுணிபைத் தடுக்க முடியாது. அதன் பின்னர் சில வழக்குகளில் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை மாத்திரம் வழங்கப்பட்டது. அப்படியான தீர்ப்பு வந்தால் தாய் நேரடியாக மேன்முறையீடு செய்ய முடியாது. ஆனால் சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு உடனே எழுதிக் கேட்கலாம். நாட்கள் குறைவு என்பதால் தீர்ப்பு வந்த அதே கிழமையில் அதைச் செய்ய வேண்டும்.

இந்த உரிமை ஏன் தேவை?

"பிள்ளையைக் கெடுத்தவனுக்கு என்ன அப்பீல்?" என்று கேட்கும் கோபம் நியாயமானதே. ஆயினும் 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவையில் ஒரு சிறு பெண்பிள்ளை கொல்லப்பட்டபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். முதலில் ஒரு பாடசாலை மாணவனும் இன்னொருவரும் கைது செய்யப்பட்டனர். மரபணுப் பரிசோதனை அவர்களைக் குற்றமற்றவர்கள் எனக் காட்டியது. பின்னர் வேறொருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கூறப்பட்டது. மரபணு அவருடனும் பொருந்தவில்லை, அவருடைய சகோதரருடனேயே பொருந்தியது. 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அந்தச் சகோதரருக்கு மரணதண்டனை விதித்தது. நாடு முழுவதும் கொதித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் மரபணுப் பரிசோதனை இல்லாதிருந்தால் யார் சிறையில் இருந்திருப்பார்?

வாக்குமூலம் எப்படி எழுதப்படுகிறது, எந்த மொழியில் எழுதிக் கையொப்பம் வாங்கப்படுகிறது என்பது எமது சமூகத்துக்குப் புதிய விடயமல்ல. எமது பிள்ளைகளுக்காக ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும் என்று கேட்கும் நாம், அந்த வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கும் என்பதை ஏற்கத்தான் வேண்டும்.

நாம் மறக்காத வழக்குகள்

1996 செப்டெம்பர் 7ஆம் திகதி பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிரிசாந்தி செம்மணிக் காவலரணில் தடுத்து வைக்கப்பட்டு, வன்புணர்வுக்கு உட்படுத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிச் சென்ற தாயும், 16 வயதுத் தம்பியும், அயலவர் ஒருவரும் கொல்லப்பட்டனர். கொழும்பில் மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் 1998 ஜூலை 3ஆம் திகதி இராணுவத்தினருக்கு மரணதண்டனை விதித்தது. இத்தகைய தீர்ப்பாயத்தின் முடிவுக்கு எதிரான மேன்முறையீடு நேரடியாக உயர் நீதிமன்றத்துக்கே செல்லும். 2004 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது.

இலங்கையில் 1976 ஜூனுக்குப் பின்னர் எவரும் தூக்கிலிடப்படவில்லை. மரணதண்டனைக் கைதிகள் சிறையிலேயே வாழ்கிறார்கள். கிரிசாந்தி வழக்கின் முக்கிய குற்றவாளியான சோமரத்ன ராஜபக்ஷதான், தண்டனை வழங்கப்பட்ட நாளில் செம்மணியில் நூற்றுக்கணக்கான உடல்கள் புதைக்கப்பட்டுள்ளதாக நீதிமன்றில் கூறினார். 1999இல் அங்கே 15 எலும்புக்கூடுகள் தோண்டி எடுக்கப்பட்டன. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றுள் குழந்தைகளுடையவையும் இருந்தன. ஒரு நீல நிறப் புத்தகப்பையும் விளையாட்டுப் பொருட்களும் கிடைத்தன. அதே ஆண்டில், தான் சாட்சி சொல்லத் தயார் என்ற அவரது செய்தியை அவருடைய மனைவி ஜனாதிபதிக்கு எழுதிய கடிதம் வெளிக்கொண்டு வந்தது. அன்று தூக்கிலிட்டிருந்தால் அந்தச் சாட்சியும் மண்ணுக்குள் போயிருக்கும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் எந்தத் தாயும் இதை யோசிக்க வேண்டும்.

மிருசுவில் வழக்கு வேறு விதமாக முடிந்தது. 2000 டிசெம்பர் 19ஆம் திகதி, இடம்பெயர்ந்திருந்த இடத்திலிருந்து தமது காணிகளைப் பார்க்கச் சென்ற எட்டுப் பேர் கொலை செய்யப்பட்டனர். அவர்களுள் 5 வயதுக் குழந்தையும் பதின்ம வயதுப் பிள்ளைகளும் அடங்குவர். தப்பி வந்த ஒருவரின் சாட்சியத்தாலேயே உண்மை வெளிவந்தது. 2015 ஜூன் 25ஆம் திகதி சுனில் ரத்னாயக்க என்ற இராணுவத்தினருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. ஏனைய நால்வரும் விடுவிக்கப்பட்டனர். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தண்டனையை உறுதிசெய்தனர். 2020 மார்ச் 26ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கினார். தீர்ப்புக்காகக் குடும்பங்கள் காத்திருந்தது பதினான்கரை வருடங்கள். தீர்ப்பிலிருந்து விடுதலைக்கு ஐந்து வருடங்களும் எடுக்கவில்லை.

2015 மே மாதம் புங்குடுதீவில் கொல்லப்பட்ட மாணவி வித்தியாவின் வழக்கில் 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் கூடிய தீர்ப்பாயம் ஏழு பேருக்கு மரணதண்டனை விதித்தது. அவர்களும் உயர் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்தனர்.

சிறைக்குள்

சிறைக்குள் அவர்கள் "அரசாங்கச் சோற்றில் சுகமாக இருக்கிறார்கள்" என்ற பேச்சு உண்டு. எமது சிறைச்சாலைகளில் இடவசதிக்கு இருமடங்குக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டுள்ளனர். 2020இல் வெளியான இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் சிறைச்சாலைகள் பற்றிய ஆய்வு, கைதிகள் படுக்கவும் இடமின்றி வாழும் நிலையை விரிவாகக் கூறுகிறது. பிள்ளைகளுக்கு எதிராகக் குற்றம் செய்தவர்களை மற்றக் கைதிகளும் வெறுக்கிறார்கள். அவர்கள் அடிபடுவது வெளியிலுள்ளோருக்குத் திருப்தி தரலாம். ஆனால் வெலிக்கடையில் 1983 ஜூலை 25ஆம், 27ஆம் திகதிகளில் 53 தமிழ்க் கைதிகள் கைதிகளாலேயே கொல்லப்பட்டார்கள். சிறைக்குள் இருப்பவனை யாரும் அடிக்கலாம் என்று விட்டால் அது எங்கே போய் முடியும் என்பது எமக்குத் தெரியும்.

இன்னொன்றையும் நாம் நினைக்க வேண்டும். சிறுவர் துஷ்பிரயோகத்துக்காக 10 வருடம், 15 வருடம் தண்டனை பெற்றவர்களில் பெரும்பாலானோர் ஒருநாள் வெளியே வருவார்கள். நன்னடத்தைக்காகத் தண்டனைக் காலத்தில் கழிவும் உண்டு. சிறைக்குள் தச்சு வேலையும் தையலும் பழகியவர், தான் செய்த குற்றத்தைப் பற்றி ஒருவரோடும் ஒருநாளும் பேசாமலே அதே கிராமத்துக்குத் திரும்பினால், அங்குள்ள பிள்ளைகளுக்கு என்ன பாதுகாப்பு?

குற்றவாளி குடும்பத்தவராக இருக்கும்போது துன்பம் இரட்டிப்பாகிறது. வெள்ளவத்தையில் வாடகை அறையில் இருக்கும் வன்னித் தாய் ஒருவர், கணவர் காணாமல் போன பின் கணவரின் தம்பியோடு ஒரே வீட்டில் இருந்தவர். மகளுக்கு நடந்ததை அவர் பொலிஸில் சொன்னார். மைத்துனருக்குத் தண்டனை கிடைத்தது. இன்று மாமியார் மாதம்தோறும் சிறைக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொண்டு போகிறார். போய்வந்த ஒவ்வொரு முறையும், "ஒரு கடிதம் எழுதிக் கொடு பிள்ளை, அப்பீலில் விட்டுவிடுவார்கள்" என்று மருமகளிடம் அழுகிறார். இருக்கும் ஒரு மகனையும் சிறைக்குக் கொடுத்த கிழவியின் கண்ணீர் பொய்யல்ல. ஆனால் அந்தக் கண்ணீருக்கு விலை அந்தப் பிள்ளை கொடுக்க முடியாது. தாயின் கடிதத்தால் மட்டும் தீர்ப்பு மாறாது. அப்படி எழுதும்படி பயமுறுத்துவது சட்டப்படி குற்றம். இதை அந்தத் தாய்க்குச் சொன்னபோது, "அப்ப மாமியிட்ட சட்டத்தைச் சொல்லலாம், என்ர மனசில நிண்டு சொல்லத் தேவையில்லை" என்றார்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, வழக்கு இலக்கம், நீதிமன்றத்தின் பெயர், தீர்ப்புத் திகதி, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, வைத்தியசாலைத் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். இடம் மாறினால் புதிய விலாசத்தைப் பொலிஸ் நிலையத்துக்கு எழுத்தில் கொடுங்கள். இடம்பெயர்ந்து வாழும் எமக்கு அறிவித்தல் வந்து சேராமற் போவது இதனால்தான்.

இரண்டாவது, பொதுமன்னிப்புப் பற்றி. சுதந்திர தினம், வெசாக், நத்தார் போன்ற நாட்களில் கைதிகள் விடுவிக்கப்படுகிறார்கள். 2025 வெசாக்கின்போது பட்டியலில் இல்லாத ஒருவர் அனுராதபுரம் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டு, அது பெரும் பிரச்சினையானது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோரைப் பாதுகாப்பதற்கான 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், மன்னிப்புப் பற்றி யோசிக்கப்படும்போது பாதிக்கப்பட்டவருக்கு அறிவித்து, குற்றத்தால் தம் வாழ்க்கைக்கு நேர்ந்ததை எடுத்துச் சொல்லும் உரிமையைத் தந்தது. அதன் இடத்துக்கு 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் வந்துள்ளது. இச்சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய அதிகாரசபைக்கு உங்கள் வழக்கு விபரத்தை எழுதி வைப்பது நல்லது. மன்னிப்பு வழங்கப்பட்ட பின்னரும் கதவு மூடப்படுவதில்லை. 2024இல் மட்டும் இரண்டு கொலை வழக்குகளில் முன்னாள் ஜனாதிபதிகள் வழங்கிய மன்னிப்புகளை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. மிருசுவில் மன்னிப்புக்கு எதிராகவும் 2020இலேயே அடிப்படை உரிமை மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன.

மூன்றாவது, சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகங்களில் ஆலோசனை கேட்கலாம். பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1929 என்ற இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவியுங்கள்.

பிள்ளைக்கும் வயதுக்கேற்ப விடயத்தைச் சொல்லுங்கள். அயலவர் வாயால் "அவன் வெளியே வரப்போகிறான்" என்று கேட்பதைவிட, "அவர் மேன்முறையீடு செய்திருக்கிறார், நீ சொன்னதை நீதிபதிகள் வாசிக்கிறார்கள், நான் உன்னோடு இருக்கிறேன்" என்று தாயிடம் கேட்பது அவளுக்கு நல்லது.

நீதிமன்றம் உத்தரவிட்ட நட்டஈட்டை எப்படிப் பெறுவது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.