குட்டிப் பூனையின் காலை உருவாதீர்கள்



மண்டகப்பட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தானே, அதே ஊர்தான். செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருக்கிறது. அவர் வீட்டு ஐந்து மாதக் குட்டி பைக்கில் அடிபட்டு, பின்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி வந்திருக்கிறது. "கால் பிசகியிருக்கு, எண்ணெய் தடவி உருவிவிடு" என்கிறார் மாமியார். "பூனைதானே, தானா சரியாயிடும்" என்கிறார் கணவர். யார் பேச்சைக் கேட்பது?

இரண்டும் வேண்டாம், உடனே டாக்டரிடம் எடுத்துப் போங்கள் என்று அவருக்குச் சொல்லிவிட்டோம். பூனை வளர்க்கிற எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும் என்பதால் இங்கும் எழுதுகிறேன்.

பூனைக்கு அதிகம் நழுவுவது இடுப்பு மூட்டு. தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் குழிக்குள் உட்கார்ந்திருக்கும். வண்டி இடித்தாலோ, மாடியிலிருந்து விழுந்தாலோ குழியை விட்டு வெளியே வந்து, பெரும்பாலும் மேலே ஏறிக்கொள்ளும். அதனால் அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரியும், பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பி நிற்கும்.

குட்டியென்றால் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு வயதுக்குள் எலும்பு வளர்ந்துகொண்டே இருக்கும். எலும்பு முனையை ஒட்டி, வளர்ச்சி நடக்கிற இடம் வெறும் குருத்தெலும்புதான். மூட்டை இழுத்துப் பிடித்திருக்கும் தசைநாரைவிட அது பலம் குறைந்தது. பெரிய பூனைக்கு மூட்டை நழுவச் செய்கிற அதே அடி, குட்டிக்கு அந்த இடத்தை உடைத்துவிடலாம். வெளியே பார்த்தால் இரண்டுக்கும் ஒரே நொண்டல்தான். உடைந்ததைப் பிசகு என்று நினைத்து உருவினால் என்ன ஆகும்? எக்ஸ்ரே பார்க்காமல் கைதேர்ந்த டாக்டரே காலை இழுக்கமாட்டார். நாம் இழுக்கலாமா?

நழுவல்தான் என்று உறுதியானால், மயக்க மருந்து கொடுத்து, கையாலேயே உருண்டையைக் குழிக்குள் திருப்பி உட்கார வைப்பார்கள். அடிபட்ட இரண்டு மூன்று நாளுக்குள் போனால்தான் இது எளிது. நாள் போகப் போக தசை இறுகிவிடும், குழிக்குள் தழும்புச் சதை வளர்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். "ஒரு வாரம் பார்ப்போம்" என்று காத்திருப்பதில் போவது அந்த எளிய வழி.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கையால் சரிசெய்த இடுப்பு மூட்டு, ஏறக்குறையப் பாதிப் பூனைகளுக்கு மறுபடி நழுவிவிடுகிறது. அப்போது ஆபரேஷன்தான். அதில் ஒரு முறை, உருண்டைத் தலையையே வெட்டி எடுத்துவிடுவது. கேட்கும்போது திகிலாக இருக்கும். ஆனால் மூன்று நான்கு கிலோ உடம்புக்கு, அந்த இடத்தில் உருவாகும் தழும்புச் சதையே மூட்டுபோல வேலை செய்யும். பெரும்பாலான பூனைகள் மறுபடி ஓடும், குதிக்கும். எனவே தாமதமாகிவிட்டாலும் கைவிட வேண்டாம்.

எந்த வைத்தியமானாலும் பிறகு சில வாரம் குதிக்க விடக்கூடாது. பெரிய கோழிக்கூண்டு ஒன்றில் பழந்துணி விரித்து, மலம் கழிக்க மண் தட்டு வைத்துவிட்டால் போதும்.

அடுத்து நான் சொல்வதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்குப் போதாது. ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும். முகம் வீங்கும், ஈறு பழுப்பாகும், மூச்சு வாங்கும். புரூஃபன், ஆஸ்பிரினும் ஆபத்துதான். வலித் தைலமும் தடவ வேண்டாம், பூனை அதை நக்கிவிடும். நாம் பாசத்தோடு கொடுப்பதே விஷமாவதைவிடக் கொடுமை உண்டா?

அடியே படாமல் குட்டி நொண்டினால், முழங்கால் சில்லு பிறவியிலேயே விலகியிருக்கலாம். வெறும் ஈரலும் கறியும் மட்டுமே தின்று வளர்ந்த குட்டியாக இருந்தால், சுண்ணாம்புச் சத்து இல்லாமல் எலும்பு வலுவிழந்திருக்கலாம். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தூக்கும்போது கவனம். வலியில் துடிக்கிற குட்டி, வளர்த்தவரையே கடிக்கும். தடித்த துண்டைப் போர்த்தி, அப்படியே அட்டைப்பெட்டிக்குள் வையுங்கள். கடித்துவிட்டால் சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? முதலில் பக்கத்து அரசு கால்நடை மருந்தகம். எல்லா இடத்திலும் எக்ஸ்ரே இருக்காது. செஞ்சிப் பக்கத்துக்காரர்களுக்குப் புதுச்சேரி குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் எட்டுகிற தூரம்தான். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-லிருந்து இயங்குகிறது.

பூனைக்குப் போய் இவ்வளவு செலவா என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஓடுகிற நாம், மடியில் தூங்குகிற ஜீவனுக்கு ஓடுவதில் வெட்கம் எதற்கு?

உங்கள் ஊர் கால்நடை மருந்தகம் எத்தனை மணிக்குத் திறக்கிறது, எக்ஸ்ரே எங்கே இருக்கிறது என்பதை இந்த வாரமே விசாரித்து, போன் எண்ணை செல்லில் பதிந்து வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்