தாவீது ஒருத்தன், கல்லு ரெண்டு

கோலியாத்தைக் கவண் கல்லால அடிச்சுச் சாய்ச்ச தாவீது கதை, சர்ச் பக்கமே போகாதவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அவனுக்கு இத்தாலியில பேர்போன பளிங்குச் சிலை ரெண்டு இருக்கு. ஃப்ளோரன்ஸ்ல மைக்கேலாஞ்சலோ செஞ்சது (1501-04), ரோம்ல பெர்னினி செஞ்சது (1623-24). ஆன்சைட் போயிருந்தப்ப ஒரே வாரக்கடைசியில ரெண்டையும் பார்த்துட்டு வந்தேன்.

ரெண்டு ஊர்லயும் கைடுங்க ஒரே வசனத்தைத்தான் ஒப்பிக்கறாங்க. மறுமலர்ச்சின்னா அடக்கம், பரோக்னா ஆட்டம். மைக்கேலாஞ்சலோ சண்டைக்கு முன்னாடி நிக்கற தாவீதைச் செஞ்சார், பெர்னினி கல்லை வீசற நொடியையே பிடிச்சுட்டார். தப்புன்னு சொல்லல. ஆனா இதுல கல்லைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாதேன்னுதான் எனக்குக் கடுப்பு.

மைக்கேலாஞ்சலோவுக்குக் கிடைச்சது புதுக் கல் இல்லைங்க. 1464ல அகோஸ்தினோ தி தூச்சோன்னு ஒருத்தர் செதுக்க ஆரம்பிச்சு, பாதியில விட்டுட்டார். அடுத்து வந்தவராலயும் ஆகல. கதீட்ரல் முற்றத்துல மழையிலயும் வெயில்லயும் வருஷக்கணக்காக் கிடந்துச்சு. உயரம் உண்டு, பருமன் பத்தாது. அதைத்தான் 26 வயசுல இவர் தலையில ஏத்துக்கிட்டார். எவனோ எழுதிப் போட்டுட்டு ஓடிப்போன கோடை ரெண்டு வருஷமாத் திட்டிக்கிட்டே திருத்திட்டு இருக்கற எனக்கு இந்த இடத்துல கண்ணு கலங்கிடுச்சு. அந்த ஒல்லிக் கல்லுக்குள்ள கையை எங்க வீசறது, உடம்பை எங்க முறுக்கறது?

அடுத்தது அளவு. இது 5.17 மீட்டர். பெர்னினியோடது சுமார் 1.7 மீட்டர், ஆள் உயரம்தான். உயரம் மூணு மடங்கானா எடை 27 மடங்கு ஏறும், கணுக்காலோட குறுக்குப் பரப்பு 9 மடங்குதான் ஏறும். அதாவது கணுக்கால்ல அழுத்தம் மூணு மடங்கு. சும்மா நிக்கற மைக்கேலாஞ்சலோ சிலைக்கே கால்ல மயிரிழை விரிசல் இருக்கு. பெர்னினியோட முறுக்கை 17 அடிக்குப் பெருசாக்கினா என்ன ஆகும்னு மெக்கானிக்கல்காரங்க யாராவது போட்டுப் பாருங்க.

பெர்னினியைக் குறைச்சுச் சொல்லல. அவருக்கு அப்ப 25 வயசுதான். உதட்டைக் கடிச்சுக்கிட்டு, இடுப்பைத் திருகி, இதோ கல்லு பறக்கப்போகுது. கோலியாத் நம்ம முதுகுக்குப் பின்னாடி நிக்கற மாதிரியே இருக்கு, நிஜமாவே ஒரு அடி நகர்ந்துட்டேன். கர்தினால் பார்பெரினி கண்ணாடியைப் பிடிச்சுக்க, தன் மூஞ்சியையே பார்த்து அந்த முகத்தைச் செதுக்கினார்னு அவரோட பழைய வாழ்க்கை வரலாறு சொல்லுது.

இருந்தாலும் என் ஓட்டு ஃப்ளோரன்ஸுக்குத்தான். முன்னாடி நின்னு பார்த்தா அமைதியா இருக்கான், சரி. ஆனா அவன் தலை இடது பக்கம் திரும்பியிருக்கு. அந்தப் பக்கம் போய் முகத்தைப் பாருங்க. புருவம் முடிச்சு விழுந்திருக்கு, கழுத்து நரம்பு புடைச்சிருக்கு. ரிலீஸுக்கு முந்தின ராத்திரி என் மூஞ்சி இப்படித்தான் இருக்கும். பய பயந்திருக்கான் சார்! கையிலயும் கால்லயும் காட்ட அந்தக் கல்லு விடாத பதட்டத்தை எல்லாம் முகத்துல கொண்டுபோய் வெச்சுட்டார்னுதான் எனக்குத் தோணுது. இதைப் போய் அடக்கம்னா எப்படி?

பெர்னினி கட்சிக்காரங்க தாராளமா சண்டைக்கு வரலாம். வரும்போது கணுக்கால் கணக்கோட வாங்க :-)