மோட்டார் வண்டியும் முற்பணமும்

இல்லத்தில் மோட்டார் வண்டி ஒன்றை வைத்திருத்தல், ஓயாது செலவு கேட்கும் உறவினர் ஒருவரை வைத்திருத்தலுக்கு ஒப்பாகும். புதுவண்டி வாங்குவோரிடம் விற்பனை நிலையத்தார் சிலர் இப்பொழுது ஒரு திட்டத்தை எடுத்துரைக்கின்றனர். சில ஆண்டுகளுக்கு உரிய பராமரிப்புச் செலவை ஒரே தடவையில் முற்பணமாகச் செலுத்திவிட்டால், பின்னர் பணங் கொடாமலே சேர்விஸ் செய்துகொள்ளலாம் என்பதே அது. மாதச் சம்பளத்திற் குடும்பம் நடத்துவோருக்கு இஃது இலாபமோ நட்டமோ என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

முதலில் மூன்றைப் பிரித்தறிதல் வேண்டும். விபத்தினால் நேரும் சேதத்துக்குக் காப்புறுதி. உற்பத்திக் குறைபாட்டுக்கு உத்தரவாதம். எண்ணெய், வடிகட்டி ஆகியவற்றை மாற்றுதல் முதலிய ஒழுங்கான வேலைகளுக்கே பராமரிப்புத் திட்டம். ரயர், பற்றரி முதலிய தேய்ந்தழியும் பொருள்கள் பெரும்பாலும் அதில் அடங்குவதில்லை. ஆதலின், அடங்காதவை எவை என்பதை எழுத்திற் கேட்டுப் பெறுதல் அறிவுடைமை.

அடுத்தது கணக்கு. 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், இவற்றுள் எது முந்துகின்றதோ அப்பொழுது சேர்விஸ் செய்க என்று வண்டியின் கைந்நூல் கூறுவதாகக் கொள்வோம். பாடசாலைக்கும் சந்தைக்கும் கோயிலுக்குமாக ஆண்டுக்கு 7,000 கிலோமீற்றரே ஓடும் வண்டிக்கு, மூன்று ஆண்டுகளில் ஆறு தடவை போதும். தடவைக்கு 20,000 ரூபாவாயின் மொத்தம் 120,000 ரூபா. திட்டத்துக்கு 150,000 ரூபா கேட்பாராயின் 30,000 ரூபா வீணே. அன்றியும், யாழ்ப்பாணத்தவருக்கு உரிய சேவை நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்பில் மாத்திரம் இருக்குமாயின், சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்ற கதையாகிவிடும்.

எனினும் மறுபக்கமும் உண்டு. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களுள் 350 ரூபாவைத் தாண்டியது. இறக்குமதிப் பொருள்களின் விலையும் உடன் ஏறிற்று. அத்தகைய காலத்தில், முன்னரே விலையை உறுதிசெய்துகொண்டவருக்குத் திட்டம் பெருந்துணை. ஆனால் விலை மாற்றத்துக்கு உட்பட்டது என்றொரு வரி ஒப்பந்தத்தில் இருப்பின் அத்துணையும் இல்லை. வண்டியை இடையில் விற்றால் எஞ்சிய தடவைகள் வாங்குபவரைச் சேருமா என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

எமது கருத்து இதுவே. நெடுந்தூரம் ஓடுவோரும், சேவை நிலையம் அண்மையில் உள்ளோரும், கணக்கில் மிச்சங் கண்டால் திட்டத்திற் சேரலாம். ஏனையோர் மாதந்தோறும் 4,000 ரூபாவைத் தனிக்கணக்கில் இட்டுவைப்பாராக. மூன்று ஆண்டுகளில் 144,000 ரூபா சேரும். மேற்கூறிய ஆறு தடவைகளும் போக எஞ்சும் 24,000 ரூபா பற்றரிச் செலவுக்கு உதவும்.

திட்டமும் இன்றிச் சேமிப்பும் இன்றி, அடுத்த மாதம் பார்ப்போம் என்று தள்ளிப்போடுதலே பெருநட்டம். 2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை தனியார் கார்களின் இறக்குமதி தடைப்பட்டிருந்தபோது, உள்ள வண்டியைப் பேணுவதன் அருமையை நாடே உணர்ந்தது. காலத்தில் மாற்றாத எண்ணெய் எஞ்சினையே அழித்துவிடும். சில ஆயிரத்தை மிச்சம் பிடித்துச் சில இலட்சத்தை இழத்தல் சிக்கனமாகாது.