தாங்கியில் குளோரின் போடுவது யார் வேலை?



மழை விட்டதும் லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தால், "காலநிலை மாற்றம்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். தண்ணீரைச் சந்தேகிப்பதில்லை. பாட்டன் பூட்டன் காலந்தொட்டுக் குடிக்கும் ஊற்றுத் தண்ணீர்தானே என்ற நம்பிக்கை.

ஊற்று நல்லதாகவே இருக்கலாம். ஆனால் ஊற்றுக்கண்ணுக்கு மேலே கக்கூசுக் குழியோ மாட்டுப்பட்டியோ இருந்தால், மூடியில்லாத தாங்கியிலும் வெடித்த குழாயிலும் மழைநீர் இறங்கினால், கிருமியும் சேர்ந்தே இறங்கும். நெருப்புக்காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் இந்த வழியாகவும் வரும்.

குடிநீருக்கான இலங்கைத் தரநிர்ணயம் எஸ்.எல்.எஸ். 614. அதன்படி 100 மில்லிலீற்றர் நீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது. கொழும்புக்கு ஓர் அளவு, தோட்டத்துக்கு ஓர் அளவு என்று அதில் இல்லை.

செலவும் பெரிதல்ல. 1,000 லீற்றர் தெளிந்த நீருக்குச் சுமார் 6, 7 கிராம் குளோரின் தூள் போதும். சரியான அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். வாளியில் கரைத்து, மேலே தெளிந்ததைத் தாங்கியில் கலந்து, அரை மணித்தியாலம் விட வேண்டும். கலங்கல் தண்ணீரில் குளோரினின் வலு வீணாகும். திறந்து வைத்த தூளும் வலு இழக்கும். ஆகவே கடைசி லயத்துப் பைப்பில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

பரிசோதகர் வரும் நாளில் மட்டும் போட்டால், மறுநாள் ஓடிவரும் தண்ணீருக்கு அது உதவாது. இது நாள்தோறும் செய்யவேண்டிய வேலை. வேலை என்றால் அதற்கு ஆள் வேண்டும், பழக்கம் கொடுக்க வேண்டும், பேர் போட வேண்டும். தாங்கிக்கு மூடி வேண்டும். பரிசோதனை முடிவு தமிழில் பிரட்டுக்களத்தில் ஒட்டப்பட வேண்டும். ஊற்றுக்கு மேலே மருந்தடிப்பதும் நிற்க வேண்டும். குளோரின் கிருமியைக் கொல்லுமே தவிர, பூச்சிமருந்தை நீக்காது.

அதுவரை கொதிக்க வைத்தே குடியுங்கள். ஆனால் விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டுவிட்டுக் கொழுந்து மலைக்கு ஓடும் பெண்ணின் தலையில் இந்தப் பொறுப்பையும் ஏற்றிவிட்டு, நிர்வாகம் கைகழுவ முடியாது.

அடுத்த தோட்டக் கமிட்டியில் தலைவர், தலைவிமார் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நேற்று நமது தாங்கியில் குளோரின் போட்டது யார்?" பெயர் சொல்ல ஆளில்லையென்றால், யாரும் போடவில்லை என்பதே பதில்.