சென்ட் ஆலை வந்தால் மல்லிகை விலை நிற்குமா?

நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை சரியும் ஒவ்வொரு கோடையிலும் எழும் கோரிக்கை, ‘அரசு சென்ட் ஆலை வேண்டும்’ என்பது. நியாயமான கோரிக்கைதான். ஆனால், ஆலை எந்தப் பூவை என்ன விலைக்கு வாங்க முடியும் என்ற கணக்கையும் விவசாயிகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மல்லிகை மொக்கில் மணம் மிகக் குறைவு. மாலையில் இதழ் விரியத் தொடங்கிய பிறகே லினலூல், பென்சைல் அசிடேட் போன்ற வாசனைப் பொருட்கள் அதிகம் உருவாகின்றன. அதனால்தான் பூக்கட்டும் வியாபாரி விடியற்காலையில் பறித்த மொக்கைக் கேட்கிறார். அது மாலையில் தலையில் விரிந்து மணக்க வேண்டும். ஆலைக்கோ விரிந்த பூ தேவை. மொக்காக வாங்கினாலும், விரியும்வரை வைத்திருந்து இரவில்தான் ஹெக்சேன் கரைப்பானில் இடுவார்கள். அதில் கிடைக்கும் மெழுகு போன்ற பொருளே ‘காங்கிரீட்’.

100 கிலோ குண்டுமல்லியில் ஏறத்தாழ 150 கிராம் காங்கிரீட்தான் கிடைக்கும். அப்படியானால் 1 கிலோவுக்கு 650 கிலோவுக்கு மேல் பூ வேண்டும். கிலோ 100 ரூபாய் என்றால் பூவுக்கு மட்டும் 65 ஆயிரம் ரூபாய். கிலோ 1,000 ரூபாய் என்றால் ஆறரை லட்சம். கரைப்பான், எரிபொருள், கூலி தனி. உலகச் சந்தையில் எகிப்து மல்லிகையும் போட்டிக்கு நிற்கிறது. எனவே மார்கழி, தை மாத விலையை எந்த ஆலையாலும் தர முடியாது.

அந்த விலையைத் தருவது முகூர்த்தமும் பொங்கலும் ஒரு முழம் பூ கேட்கும் பெண்களும்தான். பனியில் பூப்பு குறைவதால் விலை ஏறுகிறது. ஆலையால் செய்யக்கூடியது, பங்குனி முதல் ஆனி வரை வரத்து பெருகும்போது விலை அடிமட்டத்துக்குப் போகாமல் தாங்குவது. ஆகவே ஆலையோடு சேர்த்து, பருவத்துக்கு முன்பே எழுதிக்கொள்ளும் குறைந்தபட்ச விலை ஒப்பந்தத்தையும் கேட்க வேண்டும். அது இல்லாத ஆலை, மிஞ்சிய பூவை மலிவாக அள்ளும் இடமாகிவிடும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவையும் உண்டு.

பூச்சிமருந்து: மொட்டுப்புழுவுக்கும் சிவப்புச் சிலந்திக்கும் அடிக்கும் மருந்தின் எச்சத்தையும் கரைப்பான் இழுத்துக்கொள்ளும். பூவில் சிறிதளவாக இருப்பது காங்கிரீட்டில் பல மடங்கு செறிவாகும். ஏற்றுமதிச் சோதனையில் சரக்கு கழியும். பரிந்துரைத்த மருந்தை, பரிந்துரைத்த அளவில், பறிப்புக்கு உரிய இடைவெளி விட்டே தெளிக்க வேண்டும்.

ரகம்: ஆலையை நம்பி நடுவோருக்குப் பிச்சி ஏற்றது. 100 கிலோ பூவில் சுமார் 300 கிராம் காங்கிரீட் தரும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ.1, கோ.2 ரகங்கள் உள்ளன. வாங்குபவரை உறுதிசெய்த பிறகே பரப்பைக் கூட்டவும்.

கவாத்து: வட்டாரம் முழுவதும் ஒரே நேரத்தில் கவாத்து செய்தால் பூவும் ஒரே நேரத்தில் மார்க்கெட்டுக்கு வரும். தோட்டத்தை மூன்றாகப் பிரித்து, சில வார இடைவெளியில் கவாத்து செய்தால் வரத்து பரவும். தங்கள் மண்ணுக்கும் பாசன வசதிக்கும் ஏற்ற காலத்தைக் காந்திகிராமம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு முடிவுசெய்யலாம்.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023-24 வேளாண் நிதிநிலை அறிக்கையில் மதுரை மல்லிகைக்கெனத் தனி இயக்கமும் அறிவிக்கப்பட்டது. பெயருக்குக் குறைவில்லை. அடுத்த கோடை வரத்துக்கு முன், உழவர் உற்பத்தியாளர் குழுக்கள் ஆலைகளோடு விலை பேசி எழுதி வாங்குவதே இப்போதைய தேவை.