உரிமையாளர் இல்லாத நிலம் எங்கும் இல்லை

கொல்கத்தா

"உரிமையாளர் தெரியாத நிலம்" என்ற சொற்றொடர் அரசுக் கோப்புகளிலும் ரியல் எஸ்டேட் நிறுவனங்களின் கணக்குகளிலும் மட்டுமே வாழ்கிறது. கிராமத்தில் அப்படி ஒரு நிலம் கிடையாது. எந்த வயலை யார் உழுகிறார்கள், எந்தக் குளத்தில் யார் மீன் பிடிக்கிறார்கள், எந்த மேய்ச்சல் வெளியில் யாருடைய மாடு மேய்கிறது என்பது அங்கு அனைவரும் அறிந்த செய்தி. அறியாதது பதிவேடு மட்டுமே. பதிவேட்டில் பெயரில்லாத நிலத்தின் மீது யாருடைய பெயரை எழுதுவது, யாருடைய சாட்சியத்தை ஏற்று எழுதுவது என்ற கேள்வியைச் சுற்றியே வங்கத்தின் நிலப் போராட்ட வரலாறு சுழன்றிருக்கிறது. "இறுதி நில உரிமை" என்ற பெயரில் நாடு முழுவதும் பதிவேடுகளைத் திருத்தி எழுத ஒன்றிய அரசு முனைந்திருக்கும் இக்காலத்தில், அந்த வரலாறு தமிழ்நாட்டுத் தோழர்களுக்கும் உடனடித் தேவையாகிறது.

சட்டத்தின் நடுநிலை

உரிய உரிமையாளர் இல்லாத சொத்து அரசைச் சேரும் என்கிறது அரசியல் சாசனத்தின் 296ஆவது பிரிவு. தனியார் நிலத்தை ஒருவர் 12 ஆண்டுகள் எதிரிடையாக அனுபவித்துவிட்டால், அதை மீட்க வழக்குத் தொடரும் உரிமையை உரிமையாளர் இழந்துவிடுவார் என்கிறது 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். அரசு நிலமானால் 30 ஆண்டுகள். படிக்கும்போது இவை எல்லோருக்கும் பொதுவான விதிகளாகவே தோன்றுகின்றன.

நடைமுறையில் இவற்றின் பயனை அடைவது யார்? உரிமையாளரின் அனுமதியோடு நிலத்தில் இறங்கிய குத்தகை விவசாயி, எத்தனை தலைமுறை உழுதாலும் எதிரிடை அனுபவம் கோர முடியாது. கூலிக்கு உழைக்கும் விவசாயத் தொழிலாளிக்கு அந்தப் பேச்சே இல்லை. வேலியடைக்கவும், வரி ரசீதுகளைச் சேர்த்து வைக்கவும், வழக்கறிஞரை அமர்த்திப் பத்தாண்டுகள் வழக்காடவும் வசதி படைத்தவர்களுக்கே இந்த விதி உதவுகிறது. அரசுப் புறம்போக்கில் குடிசை போட்ட ஏழை "ஆக்கிரமிப்பாளர்" எனப்படுகிறார். அதே புறம்போக்கைத் தன் பண்ணையோடு சேர்த்து வளைத்துக்கொண்ட பணக்காரர் "அனுபவதாரர்" ஆகிவிடுகிறார்.

கொல்கத்தாவில் எழுதப்பட்ட உரிமை

1793இல் காரன்வாலிஸ் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டம், வரி வசூலித்துக் கொடுத்துவந்த ஜமீன்தார்களை நிலத்தின் உடைமையாளர்கள் ஆக்கியது. குறித்த நாளில் சூரியன் மறைவதற்குள் வரி கட்டத் தவறிய ஜமீன்கள் ஏலத்திற்கு வந்தன. கம்பெனியின் வணிகத்தில் பணம் சேர்த்த கொல்கத்தாச் செல்வந்தர்கள் பலர் அவற்றை ஏலத்தில் எடுத்தனர். வயலைக் கண்ணால் காணாதவர்கள், நகரத்து மாளிகைகளில் இருந்தபடியே கிராமங்களின் உடைமையாளர்கள் ஆயினர். காடு திருத்தி, கரை கட்டி, உப்பு மண்ணை வயலாக்கிய விவசாயியின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. 1946-47இல் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டு எழுந்த தேபாகா இயக்கம், ஏட்டில் இடம்பெறாத அந்த மக்களின் எழுச்சியே ஆகும்.

விடுதலைக்குப் பின் வந்த 1953ஆம் ஆண்டின் மேற்கு வங்க எஸ்டேட் கையகப்படுத்தல் சட்டம் ஜமீன்தாரி முறையை ஒழித்தது. ஒருவர் 25 ஏக்கருக்கு மேல் விளைநிலம் வைத்திருக்கக் கூடாது என்றது. ஆனால் உச்சவரம்பைக் குடும்பத்திற்கு அல்லாமல் தனிநபருக்கு நிர்ணயித்தது. மீன்பண்ணைகளுக்கும் பழத்தோட்டங்களுக்கும் சமய அறக்கட்டளை நிலங்களுக்கும் விலக்களித்தது. நிலப்பிரபுக்கள் இந்த ஓட்டைகள் அனைத்தையும் பயன்படுத்திக்கொண்டனர். உறவினர், வேலையாட்கள், குலதெய்வம், கற்பனை மனிதர்கள் என எல்லாப் பெயர்களிலும் பத்திரங்கள் பதிவாயின. நெல் வயலில் உப்பு நீரைப் பாய்ச்சிவிட்டு, அதை மீன்பண்ணை என்று கணக்குக் காட்டியதும் உண்டு. பினாமி நிலம் என்பது இதுதான். காகிதத்தில் உள்ள உரிமையாளர் உண்மையில் இல்லை. உண்மையான உரிமையாளர் காகிதத்தில் இல்லை.

மக்களே சாட்சி

1967இல் அமைந்த ஐக்கிய முன்னணி ஆட்சியில் நிலத்துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற தோழர் ஹரே கிருஷ்ண கோனார் இந்த முடிச்சை அவிழ்க்கச் சென்ற வழியை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். பத்திரத்தைப் பார்த்தால் ஒவ்வொரு பினாமியும் சட்டப்படியான உரிமையாளரே. எனவே பத்திரத்தோடு நின்றுவிடாமல், அந்த நிலத்தில் யாருக்காக உழுதோம், விளைச்சலை யார் களஞ்சியத்தில் சேர்த்தோம் என்று குத்தகை விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் அளித்த வாய்மொழிச் சாட்சியம் முறைப்படி பதிவு செய்யப்பட்டது. விவசாய சங்கங்கள் நிலங்களை அடையாளம் காட்டின. மக்கள் திரண்டு சென்று அவற்றில் கொடி நட்டு உழுதனர். 1967-70 காலத்தின் இரு ஐக்கிய முன்னணி ஆட்சிகளிலும் லட்சக்கணக்கான ஏக்கர் மறைவிலிருந்து வெளிவந்தது.

அன்று எழுந்த கூச்சலை இன்றும் கேட்கலாம். சட்டம் ஒழுங்கு சீர்குலைந்துவிட்டது, உடைமைக்குப் பாதுகாப்பில்லை என்று கொல்கத்தாவின் பெருமுதலாளித்துவ ஏடுகள் அலறின. நிலப்பிரபுக்கள் உயர் நீதிமன்றத்தில் தடையாணைகள் பெற்றனர். சட்டத்தை மீறியவர்கள் யார்? உச்சவரம்புச் சட்டத்தைப் பொய்ப் பத்திரங்களால் ஏமாற்றியவர்களா, அந்தச் சட்டம் எழுதப்பட்டபடி நிறைவேற வேண்டும் என்று வயலில் இறங்கியவர்களா? விவசாயிகள் சட்டத்தைக் கையில் எடுத்ததாகச் சொல்கிறார்கள். கேட்பாரற்றுக் கிடந்த சட்டத்தை அவர்கள் கையில் எடுத்தார்கள் என்பதே பொருத்தம்.

1977க்குப் பின் இடது முன்னணி ஆட்சி இந்தப் பாடத்தைச் சட்டமாகவே ஆக்கியது. பிறருடைய நிலத்தைச் சட்டப்படி பயிரிடுகிறவர் பர்காதார் என்றே கருதப்படுவார். இல்லை என்று வாதிடுகிறவரே அதை நிரூபிக்க வேண்டும் என்று நிலச் சீர்திருத்தச் சட்டம் திருத்தப்பட்டது. நிரூபிக்கும் சுமை உழுபவரின் தோளிலிருந்து உடைமையாளரின் தோளுக்கு மாறியது. 1978 மே மாதம் ஹூக்ளி மாவட்டம் ஹாலுசாய் கிராமத்தில் அதிகாரிகள் விவசாயத் தொழிலாளர்களோடும் பர்காதார்களோடும் அமர்ந்து, ஏன் உங்கள் பெயர்கள் பதிவாகவில்லை என்று கேட்டனர். நிலவுடைமையாளரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து விசாரிக்கும் அதிகாரியிடம் எந்த ஏழையும் உண்மை பேசமாட்டான் என்பது அங்கு தெளிவாயிற்று. அதன் பின்னர் விவசாயிகள் குடியிருக்கும் பகுதியிலேயே மாலை நேர முகாம்கள் நடத்தப்பட்டன. பர்கா இயக்கத்தில் சுமார் 14 லட்சம் குத்தகை விவசாயிகளின் பெயர்கள் ஏட்டில் ஏறின. இந்தியாவில் உச்சவரம்பு உபரி நிலம் பெற்ற குடும்பங்களில் பாதிக்கு மேல் மேற்கு வங்கத்தைச் சேர்ந்தவை என்பதும் இந்தப் போராட்டத்தின் விளைவே.

பெயர் விடுபட்டால் என்ன நேரும்?

பதிவு என்பது வெறும் எழுத்தர் வேலை அன்று. 2006இல் சிங்கூரில் 997 ஏக்கர் கையகப்படுத்தப்பட்டபோது, பதிவு பெற்ற பர்காதார்களுக்கு இழப்பீட்டில் நான்கில் ஒரு பங்கு என அறிவிக்கப்பட்டது. பதிவு பெறாத பர்காதார்களும் கூலித் தொழிலாளர்களும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றனர். 2016 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கையகப்படுத்தலை ரத்து செய்து நிலத்தைத் திருப்பித் தர ஆணையிட்டது. நிலம் திரும்பியது பத்திரத்தில் பெயருள்ளவர்களுக்கு. பெயரில்லாதவர்களுக்குத் திருப்பித் தரச் சட்டத்தின் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

2024 பிப்ரவரியில் வடக்கு 24 பர்கானா மாவட்டத்தின் சந்தேஷ்காளியில் பெண்கள் துடைப்பங்களோடும் தடிகளோடும் தெருவில் இறங்கியதை நாடே கண்டது. அன்று மாநிலத்தை ஆண்ட திரிணாமூல் காங்கிரசின் உள்ளூர்த் தலைவர்கள் தங்கள் வயல்களைப் பறித்து, உப்பு நீரைப் பாய்ச்சி மீன்பண்ணைகளாக்கிவிட்டனர் என்பதும், பெண்கள் மீது பாலியல் வன்கொடுமை இழைத்தனர் என்பதும் அவர்களின் குற்றச்சாட்டு. போராட்டம் வெடித்த பிறகுதான் நிர்வாகம் முகாம் அமைத்து மனுக்களை வாங்கியது. சிலருக்கு நிலமும் திரும்பக் கிடைத்தது. ஏப்ரல் 10 அன்று கொல்கத்தா உயர் நீதிமன்றம் விசாரணையைச் சிபிஐயிடம் ஒப்படைத்தது. இந்த அராஜகத்தை மதப் பிளவுக்குப் பயன்படுத்த பாஜக ஓடோடி வந்தது. சந்தேஷ்காளிப் பெண்கள் கேட்டது நிலமும் கண்ணியமும். பாஜக கொடுக்க வந்தது வெறுப்பு. 1950களின் நிலப்பிரபு கையாண்ட அதே உப்பு நீரைப் புதிய ஆதிக்கவாதிகளும் கையாண்டதாக எழுந்த குற்றச்சாட்டு நமக்கு ஓர் எச்சரிக்கை. நிலச் சீர்திருத்தம் ஒருமுறை வென்று பெட்டியில் பூட்டி வைக்கும் பத்திரம் அன்று. கிராமத்தில் உழைப்பவர்களின் அமைப்பு தளரும் இடத்தில் நிலம் மீண்டும் கைமாறும்.

நகரத்தின் வாசலிலும் இதுவே நிலை. கொல்கத்தாவின் கழிவுநீரைக் கொண்டே மீனும் காய்கறியும் விளைவிக்கும் கிழக்கு கொல்கத்தா சதுப்பு நிலம், 12,500 ஹெக்டேர் பரப்புடையது. 2002 முதல் ராம்சார் தலமாகவும், 2006 முதல் தனிச் சட்டத்தாலும் பாதுகாக்கப்படுவது. ஆயினும் ஓரங்களில் மண் கொட்டி நிரப்புவது நிற்கவில்லை. ஏரி தூர்ந்தபின் அது மனை. மனைக்கு உரிமையாளர் உடனே கிடைத்துவிடுகிறார். தலைமுறைகளாக அந்த நீரில் நின்று உழைத்தவர்களின் பெயர் மட்டும் எங்கும் கிடைப்பதில்லை.

இறுதி உரிமை என்னும் பொறி

இந்தப் பின்னணியில் ஒன்றிய அரசின் திட்டத்தைப் பாருங்கள். 2020 ஏப்ரலில் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில் கிராமக் குடியிருப்புகளை ட்ரோன்கள் அளக்கின்றன. ஒவ்வொரு மனைக்கும் வயலுக்கும் 14 இலக்க எண் வழங்கப்படுகிறது. அதே 2020இல் நிதி ஆயோக் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரி நில உரிமைச் சட்டத்தின்படி, உரிமைப் பதிவேடு அறிவிக்கப்பட்டு மூன்று ஆண்டுகளுக்குள் ஆட்சேபனை எழுப்பாவிட்டால் அந்தப் பதிவே இறுதியானதாகிவிடும்.

தெளிவான உரிமை இருந்தால் ஏழைக்கும் வங்கிக் கடன் கிடைக்கும், வழக்குகள் குறையும் என்கிறார்கள். தெளிவான உரிமையை நாம் எதிர்க்கவில்லை. 14 லட்சம் பர்காதார்களுக்கு அதைப் பெற்றுத் தந்த இயக்கம் இடதுசாரி இயக்கம். நமது கேள்வி வேறு: தெளிவு பிறப்பது எந்தச் சாட்சியத்திலிருந்து? ட்ரோன் வரப்பைப் படம் பிடிக்கும். வரப்புக்குள் குனிந்து நாற்று நடுபவர் கூலியா, குத்தகையா, வாய்மொழி வாரமா என்பதை அது அறியாது. பிழைப்புக்காகச் சூரத்துக்கும் பெங்களூருக்கும் சென்ற தொழிலாளி, மாவட்டத் தலைநகரில் ஒட்டப்பட்ட அறிவிப்பை மூன்று ஆண்டுகளுக்குள் கண்டு ஆட்சேபிக்க வேண்டுமாம். பர்கா இயக்கம் உடைமையாளரின் தோளில் ஏற்றிய சுமையை உழுபவரின் தோளுக்கே திருப்பி ஏற்றும் ஏற்பாடு இது. ஆந்திரத்தில் 2022இல் இயற்றப்பட்ட இத்தகைய சட்டம், மக்களின் கடும் எதிர்ப்பால் தேர்தல் பிரச்சனையாகி, 2024இல் ரத்து செய்யப்பட்டது. எதிர்த்தால் வெல்லலாம் என்பதற்கு அது சான்று.

தமிழ்நாட்டில் நம் கடமை

இது வங்கத்துக்கு மட்டும் உரிய கதை அன்று. 1892இல் தலித் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தின் அளவு 12 லட்சம் ஏக்கர் எனச் சொல்லப்படுகிறது. அதில் எவ்வளவு இன்று அவர்கள் கையில் உள்ளது? 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். பதிவு மேம்பாட்டில் பல ஊர்களில் பஞ்சமி என்ற குறிப்பே ஏட்டிலிருந்து மறைந்தது. மீட்கப் போராடிய மக்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. இரு தோழர்கள் உயிரிழந்தனர். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. ஆனால் இங்கு குத்தகைதாரரே மனு கொடுத்துத் தம்மை நிரூபிக்க வேண்டும்; கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் வாய்மொழியாகப் பயிரிடும் ஆயிரக்கணக்கானோர் இன்றும் ஏட்டுக்கு வெளியே உள்ளனர். 2023 ஏப்ரலில் விவாதமின்றி நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டம், பெருந்திட்டங்களின் எல்லைக்குள் சிக்கும் ஏரி, ஓடை, வாய்க்கால்களையும் சேர்த்துக் கொடுக்க வழி திறந்திருக்கிறது.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். உழுபவரையே குத்தகைதாரராகக் கருதி, மறுப்பவர் மீது நிரூபிக்கும் சுமையை வைக்கும் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டிலும் வேண்டும். பஞ்சமி, புறம்போக்கு, மேய்ச்சல், நீர்நிலை நிலங்களின் பட்டியலைக் கிராம சபையில் உரக்கப் படித்து, மக்களின் வாய்மொழியைச் சாட்சியமாகப் பதிந்த பிறகே எந்தப் பதிவேடும் இறுதியாக வேண்டும். பட்டா தரும்போது பெண்களின் பெயரும் அதில் இடம்பெற வேண்டும்.

அரசு செய்யும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு கிளையும் தன் கிராமத்தின் அ பதிவேட்டின் நகலைப் பெற்று, விவசாயத் தொழிலாளர்களை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எதிரே உண்மையில் பயிரிடுகிறவர் யார் என்று எழுதத் தொடங்கட்டும். கோனார் காலத்து விவசாய சங்கங்கள் தொடங்கியது அங்கிருந்துதான். அந்தப் பட்டியல் நம் கையில் இருந்தால், உரிமையாளர் தெரியவில்லை என்று எந்த அதிகாரியும் நம்மிடம் சொல்ல முடியாது.